வரப்புக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் – 11

விடிந்தும் விடியாததுமாகக் கழனிக்குப் போய்விட்டுத் திரும்பிய காவேரி, கால் கழுவக்கூட நிற்கவில்லை. முழங்கால் சேற்றோடு வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"வட்டம் பெருசாயிடுச்சுங்க. நேத்து ரெண்டு கட்டில் போடற அளவுதான் இருந்துச்சு. இன்னிக்கு நெல்லடிக்கிற களமாட்டம் கீது."

வசந்தகுமார் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். காலை ஷிப்ட். தலை நிமிரவில்லை.

"வண்டி வந்துரும். சாயங்காலம் பேசிக்கலாம்."

"சாயங்காலம் வரைக்கும் பூச்சி நமக்கோசரம் காத்துகினு இருக்குமா?"

இந்த வீட்டுக் கதையை இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறீர்களா? உங்களுக்காக நாலு வரி.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டுக்கு உள்ளடங்கிய ஊர். ஏரிக்குக் கீழே அண்ணன் தசரதனுக்கும் தம்பி வசந்தகுமாருக்கும் அடுத்தடுத்த கழனி. பூந்தமல்லிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனதும் தம்பி பாகம் கேட்டான். கேட்டதில் தப்பில்லை. நாலு பேரைக் கூட்டி வைத்துக் கேட்டான், அதுதான் அண்ணனைச் சுட்டுவிட்டது. பாகம் பிரிந்த அன்றோடு தம்பி வீட்டாரிடம் பேச்சை நிறுத்தினார் தசரதன். தம்பியின் மேல் கழனியில் நிற்கும் தண்ணீர் வடிய ஒரே ஒரு மடை. அது அவர் கழனிக்குள் போகிறது. அதையும் மண் போட்டு அடைத்தார். இது நடந்து இரண்டு வருஷம்.

அன்றிலிருந்து நாற்று விடுவது முதல் அறுப்பது வரை எல்லாம் காவேரிதான். வசந்தகுமாருக்குக் கழனி என்பது ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்க்கும் இடம். போன வாரம், கதிர் எட்டிப் பார்க்கும் சமயத்தில், பச்சைப் பயிருக்கு நடுவே நெருப்பு வைத்ததுபோல ஒரு வட்டம் காய்ந்து நிற்பதைக் காவேரி கண்டாள். அதற்குப் பெயர் புகையான் என்று நேற்றுச் சாயங்காலம் ரேடியோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"ரேடியோல ஒரு பொம்பள பேசிச்சுங்க. வல்லக்கோட்டைக்கு அந்தாண்ட கழனியாம். பேரு ராஜாமணி. இதே பூச்சிதான் வந்துச்சாம். தண்ணியை வடிச்சாங்களாம். யூரியா போடறத நிறுத்திட்டாங்களாம். மருந்தைத் தூர்ல படறாப்புல அடிச்சாங்களாம்."

"ரேடியோல பேசறவங்கல்லாம் எழுதிக் குடுத்தத படிக்கறவங்க."

"இல்லீங்க. நடுவுல அந்தம்மா இருமிச்சு. எழுதிக் குடுத்ததப் படிக்கறவங்க இருமுவாங்களா?"

வசந்தகுமாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்த நொடியே முகம் இறுகியது.

"சரி, தண்ணிய எங்க வடிப்ப? அண்ணன் கழனி வழியாத்தான் போவணும். அவரண்ட போய் நிக்கச் சொல்றியா? நான் கேக்க மாட்டேன். நீயும் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன். சுங்குவார்சத்திரத்துல இராமச்சந்திரன் கடைல எதுனா மருந்து வாங்கி அடிச்சு வுடு."

"அந்த மருந்தத்தான் போன வாரம் உங்கண்ணன் அடிச்சாரு. அவரு கழனியும் மஞ்சளாயிகினு வருதே."

ரோட்டில் கம்பெனி வண்டியின் ஹாரன் கேட்டது. வசந்தகுமார் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஓடினான்.

காவேரி அப்போதுதான் காலைக் கழுவினாள்.

யாரைப் போய்க் கேட்பது? வேளாண்மை ஆபீசிலிருந்து வரும் அலுவலர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வருகிற நேரம் உச்சிப் பொழுது, பஞ்சாயத்து ஆபீஸ் மரத்தடி. அந்த நேரத்தில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சேற்றில் குனிந்திருப்பார்கள். அவர் சொன்னது ஆண்கள் வழியாக வீடு வந்து சேர்வதற்குள் பாதி டீக்கடையிலேயே தங்கிவிடும்.

தசரதன் போல உரக்கடைக்குப் போகலாம். அங்கே இராமச்சந்திரன் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து விசாரிப்பார். கேட்டால் கழனிக்கே வந்து பார்ப்பார். அதனால்தான் தசரதனுக்கு அவர் சொன்னால் வேதம். ரேடியோ என்றாலே தசரதனுக்கு ஆகாது. 'பொட்டி அதும்பாட்டுக்குப் பேசிகினே போவும். நாம ஒண்ணு கேட்டா வாயைத் தொறக்குமா?' என்பார்.

அதில் நியாயம் இருப்பதாகத்தான் காவேரிக்கும் இப்போது பட்டது. அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. தண்ணீரை வடிக்காமல் இந்தப் பூச்சியை விரட்ட வழி உண்டா? வழி இருந்தால் யார் காலிலும் போய் விழ வேண்டியதில்லை. அதை ரேடியோவிடம் கேட்க முடியாது. ராஜாமணியிடம் கேட்கலாம்.

மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, கழனியிலிருந்து ஒரு குத்து நெல்லை வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் பம்படியில் முனியம்மாள் நின்றிருந்தாள். தசரதனின் மனைவி. ஆண்கள் பேச்சை நிறுத்தினாலும் இந்த இருவரும் நிறுத்தவில்லை. குடம் நிறைகிற சத்தத்துக்கு அடியில் பேசிக்கொள்வார்கள்.

"எங்கடி காலங்காத்தால?"

"வல்லக்கோட்டைக்கு."

"முருகனுக்கு வேண்டுதலா?"

"புகையானுக்குக்கா."

முனியம்மாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இவரு இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல மருந்தடிக்கற எல்லப்பன வரச் சொல்லிக்கீறாரு. மறுபடியும் அதே மருந்து. யூரியா மூட்டையும் வந்து எறங்கிடுச்சு. பயிரு மஞ்சளா கீதுல்ல, சத்து பத்தலன்னு கடைக்காரரு சொன்னாராம்."

யூரியா வேண்டவே வேண்டாம் என்றல்லவா அந்த அம்மா சொன்னாள்?

"எப்படியாவது நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வையிக்கா."

"நானா? அவரையா?" என்றாள் முனியம்மாள். குடம் நிரம்பி வழிந்தது.

* * *

வல்லக்கோட்டையில் கோயில் வாசல் பூக்காரியிடம் கேட்டபோது, "யாரு, ரேடியோ ராஜாமணியா?" என்று அவள் சிரித்தாள். "நேத்துலேர்ந்து அந்தம்மா தரையில நடக்கல. தோ, அந்தக் கால்வாய் ஓரமாவே போ. சத்தம் கேக்கும்."

சத்தம் கேட்கத்தான் செய்தது. வரப்பில் நின்று யாரோ ஒரு மாட்டுக்காரனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள் ராஜாமணி. நாற்பது வயதிருக்கும். வாய் நிறைய வெற்றிலை. காவேரி வணக்கம் சொன்னதும் துப்பிவிட்டு, ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரேடியோல கேட்டுட்டா வந்தே? கையில இன்னா கொண்டாந்தே?"

காவேரி ஈரத்துணியைப் பிரித்தாள்.

ராஜாமணியின் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. அந்தக் குத்தை வாங்கி, வேருக்கு மேலே விரல் வைத்துப் பிரித்தாள். தூரில் அரிசிக் குறுணை போலப் பழுப்பாக நாலைந்து பூச்சிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதேதான். புத்திசாலி நீ. நேத்துலேர்ந்து நாலு ஆம்பளைங்க வந்து வெறுங்கைய வீசிகினு நின்னாங்க. 'மஞ்சளா கீது, என்ன பண்றது?'ன்னாங்க. நான் இன்னா ஜோசியக்காரியா?"

அவள் காவேரியைத் தன் கழனிக்குள் இறக்கினாள். "குனி. மேல பாக்காத. மேல ஒண்ணும் தெரியாது. தூரைப் புடிச்சு ரெண்டு தட்டு தட்டு."

காவேரி தட்டினாள். ஒன்றிரண்டு பூச்சி விழுந்தது. கூடவே ஒரு சிலந்தி ஓடியது.

"ஒண்ணு ரெண்டு இருந்தா பயம் இல்ல. அந்தச் சிலந்தியே தின்னுபுடும். நீங்க மேலாக்க அடிக்கிற மருந்து கீழ கீற பூச்சிக்குப் படாது. சிலந்திய மட்டும் சாவடிச்சிட்டுப் போவும். அப்புறம் பூச்சிக்குக் கேக்கணுமா, கொண்டாட்டம்தான்."

காவேரி தன் கேள்வியைக் கேட்டாள். "அக்கா, தண்ணிய வடிக்காம வேற வழி எதுனா கீதா?"

"ஏன், வடிக்கறதுக்கு இன்னா?"

அடைத்த மடையையும், அண்ணன் தம்பி பேச்சில்லாததையும் காவேரி சொன்னாள். பொதுவாக வெளி மனிதரிடம் சொல்லுகிற சங்கதி இல்லை. ஆனால் சேற்றில் ஒன்றாகக் குனிந்து நிற்கும்போது சொல்ல வந்துவிட்டது.

ராஜாமணி நிமிர்ந்தாள். "இங்க வா."

கழனியின் கடைசி வரப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மற்ற இடமெல்லாம் கதிர் வாங்கி நிற்க, அந்த ஓரம் மட்டும் மொட்டையாக உழுது போட்டிருந்தது.

"ரேடியோகாரங்க வந்து டேப்புல புடிச்சப்போ நான் எல்லாத்தையும்தான் சொன்னேன். நேரம் இல்லன்னு பாதிய வெட்டிட்டாங்க. வெட்டினது எது தெரியுமா? தோ, இதுதான். நான் தண்ணிய வடிச்சேன், தூர்ல அடிச்சேன், பயிரு தேறிச்சு. ஆனா பக்கத்துக் கழனிக்காரன் வடிக்கல. யூரியாவ வேற வாரி எறைச்சான். அவன்கிட்டேர்ந்து பூச்சி திரும்பி வந்து இந்த ஓரம் பூரா கருக்கிடுச்சு. பூச்சி இன்னா பட்டா பாத்துட்டா வருது? அப்புறம் அவன்கிட்ட மல்லுக்கட்டி, ரெண்டு பேரும் ஒண்ணா வடிச்சோம். அதுக்கப்புறம்தான் அடங்கிச்சு."

காவேரி சுற்றிப் போக ஒரு வழி கிடைக்கும் என்று வந்தாள். இங்கே வந்து பார்த்தால் மடையைத் திறக்கச் சொன்னால் மட்டும் போதாதாம். தசரதனுடைய தண்ணீரையும் வடிக்கச் சொல்ல வேண்டுமாம். யூரியாவையும் நிறுத்தச் சொல்ல வேண்டுமாம்.

"நீங்க ஒரு தபா வந்து எங்க மாமாகிட்ட சொல்றீங்களாக்கா?"

"நான் வந்தா கெட்டுப் போவும்டி. அசலூர்க்காரிய இட்டாந்து வெச்சுப் பேசறியான்னு அவருக்கு ரோசம் பொத்துகினு வரும். அவர இங்க அனுப்பு. கழனிய வந்து பாக்கட்டும், என்ன வேணா கேக்கட்டும். இருட்டற வரைக்கும் நான் இங்கதான் கீறேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த காவேரிக்கு வழியெல்லாம் ஒரே யோசனை. கேட்கக் கூடாது என்று புருஷன் சொல்லியிருக்கிறான். கேட்டால் அந்த மனிதர் பதில் சொல்லப் போவதில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் வைராக்கியம் இருக்கிறது. இவளுக்கு இடுப்பு உயரத்துக்குப் பயிர் இருக்கிறது. ஊர் நிறுத்தத்தில் இறங்கியபோது அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

* * *

எல்லப்பன் ஸ்பிரேயரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். தசரதன் மருந்து டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்ற உடம்பு, தலையில் ஈரத் துண்டு. சற்றுத் தள்ளி டீத் தூக்கோடு முனியம்மாள்.

காவேரி தன் கழனிப் பக்கம் நிற்கவில்லை. வரப்பைத் தாண்டி அவர் கழனிக்குள் வந்து நின்றாள். இரண்டு வருஷத்தில் அந்த வரப்பை அவள் தாண்டியது இதுதான் முதல் தடவை.

தசரதன் அவளைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டு மனைவியிடம் சொன்னார்.

"முனிம்மா, வந்தவங்களுக்கு இன்னா வோணுமாம், கேளு."

"அக்கா, மருந்து அடிக்கறத ரவ நேரம் நிறுத்தச் சொல்லுங்க மாமாவ."

"எதுக்காம்?"

"போன வாரம் அடிச்ச மருந்து எங்க போச்சாம், கேளுங்க."

தசரதனின் மீசை துடித்தது. "ரெண்டாவது தபா அடிச்சாத்தான் கேக்கும்னு கடைக்காரரு சொன்னாரு. மருந்துக் கம்பெனிக்காரங்க மெட்ராசுல ஓட்டல்ல கூட்டம் போட்டு அவருக்குச் சொல்லிக் குடுத்துக்கீறாங்க. இவங்களுக்கு யாரு சொன்னாங்களாம்? ரேடியோ பொட்டியா?"

எல்லப்பன் சிரித்தான். நடுவில் மாட்டிக்கொண்ட முனியம்மாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இருவர் பேச்சும் எல்லோர் காதிலும் நன்றாகவே விழுந்தது.

காவேரிக்கு வாய் வரைக்கும் பதில் வந்தது. விழுங்கினாள். இவரிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. காதால் கேட்டு எதையும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை இவர். கண்ணால் பார்க்க வேண்டும், கையால் தொட வேண்டும்.

"அக்கா, நீங்க கழனில எறங்கி ஒரு தூரைத் தட்டுங்க. என் கழனில வோணாம். உங்க கழனியிலேயே தட்டுங்க."

முனியம்மாள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். எதைச் செய்வதானாலும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் செய்வதுதான் அவள் வழக்கம். இன்றைக்கும் பார்த்தாள். ஆனால் பதிலுக்காக நிற்கவில்லை. டீத் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு, புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கினாள். குனிந்து ஒரு குத்தைப் பிடித்துப் பட்டுப் பட்டென்று தட்டினாள்.

தண்ணீர் மேல் பொலபொலவென்று கொட்டியது.

"அண்ணே!" என்றான் எல்லப்பன், குனிந்து பார்த்து. "ரவையக் கொட்டினாப்பல கீதுண்ணே!"

தசரதன் டப்பாவைக் கீழே வைத்தார். தானே இறங்கினார். ஒரு தூரைத் தட்டினார். நாலடி தள்ளி இன்னொன்று. இன்னும் உள்ளே போய் மற்றொன்று. பச்சையாகத் தெரிந்த இடத்திலும் தட்டினார். உள்ளங்கையில் தண்ணீரோடு அள்ளி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அத்தனையும் உயிரோடு நெளிந்தன.

அவர் நிமிர்ந்தபோது முனியம்மாளைப் பார்க்கவில்லை.

"இத்த யாரு சொன்னது?"

கேட்டது காவேரியிடம். கேட்ட பிறகுதான் அது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

"ராஜாமணின்னு ஒருத்தங்க மாமா. வல்லக்கோட்டைக்கு அந்தாண்ட. காலைல போய் அவங்க கழனியப் பாத்துட்டு வரேன்."

"ஏரித் தண்ணியா, கெணறா?"

"ஏரித் தண்ணி."

"இன்னா நெல்லு?"

"நம்மளுதுதான். பொன்னி."

"பூச்சி வரசொல்ல பயிரு எந்தப் பருவம்?"

"கதிர் தொண்டைய வுட்டு எட்டிப் பாக்கசொல்ல வந்துச்சாம். நம்ம மாதிரியேதான்."

"மண்ணு?"

காவேரி தடுமாறினாள். சேற்றில் இறங்கி நின்றவள், மண்ணைப் பார்க்கவில்லை. களிமண் என்று சொல்லிவிட்டால் இவர் எங்கே போய்ப் பார்க்கப் போகிறார்? நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியல மாமா. அத்த நான் பாக்கல."

தசரதன் அவளை உற்றுப் பார்த்தார். இரண்டு வருஷமாக உரக்கடையில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார். ஒரு கேள்விக்குக் கூடத் 'தெரியல' என்ற பதில் வந்ததில்லை.

"பக்கத்துக் கழனியும் சேத்து வடிச்சாத்தான் அடங்குமாம் மாமா. யூரியா ஆவவே ஆவாதாம்," என்றாள் காவேரி.

தசரதன் கையைத் துண்டில் துடைத்தார். "நான் பாக்கணும்."

"நாளைக்குக் காலைல மொதோ பஸ்ஸுல…"

"நாளைக்கு எதுக்கு?" வரப்போரம் சாய்த்திருந்த சைக்கிளை நிமிர்த்தினார். "எல்லப்பா, டாங்க்கை நிழல்ல வெச்சிட்டு ஒக்காரு. நான் வர்ற வரைக்கும் ஒரு சொட்டு அடிக்கக் கூடாது."

சைக்கிள் ரோட்டில் ஏறி மறைந்தது.

* * *

வரப்பில் இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பம்பு சத்தம் இல்லாமல், குரலைத் தாழ்த்தாமல் பேசிக்கொள்வது இருவருக்கும் விசித்திரமாக இருந்தது. டீ ஆறிப் போயிருந்தது. அதையே மூடியில் ஊற்றிக் குடித்தார்கள்.

"ஒண்ணு சொல்றேன், அவரண்ட சொல்லிடாத," என்றாள் முனியம்மாள். "தெனமும் காலைல வந்தா மொதல்ல அவரு பாக்கறது உன் கழனியத்தான். நீ என்னிக்கு நட்டே, என்னிக்குக் களை எடுத்தே, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நீ ஒண்ணு செஞ்சா ரெண்டு நாள் கழிச்சு இங்க அதே நடக்கும்."

"மாமாவா? என்னைப் பாத்தா?"

"பின்ன? போன வருசம் அறுப்புல நீ நெல்லு மேனி நல்லா எடுத்தியே. 'அவ கைப்பாங்கு நல்லா கீது'ன்னு என்னண்டதான் சொன்னாரு. வெளில சொல்லுவாரா?"

காவேரிக்குச் சிரிப்பு வரவில்லை. நட்ட ஒரு மாதத்தில், பக்கத்து ஊர்க்காரர்கள் போடுகிறார்களே என்று அவளும் ஒரு பங்கு யூரியா கூடுதலாகத்தான் இறைத்தாள். அதைப் பார்த்துத்தானே இவரும் இறைத்திருப்பார்? தன் கழனி, தன் பாடு என்று நினைத்துக்கொண்டு செய்ததை இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் தினமும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இனிமே தப்பா ஒண்ணும் செய்யக் கூடாதுக்கா," என்றாள். முனியம்மாளுக்கு அது விளங்கவில்லை.

வெயில் சாய்ந்தது. கொக்குகள் ஏரிப் பக்கம் திரும்பின. எல்லப்பன் பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றான்.

தசரதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேலே; அதற்குக் கீழே முழுக்கச் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. எல்லப்பனிடமிருந்து மண்வெட்டியை வாங்கினார். தன் கழனியின் கடைசிக்குப் போய், கால்வாய்ப் பக்கம் வரப்பை வெட்டினார். தண்ணீர் சளசளவென்று வெளியே இறங்கியது. அப்புறம் நடு வரப்புக்கு வந்தார். இரண்டு வருஷத்துப் புல் முளைத்து இறுகிக் கிடந்த மடை. நாலு வெட்டில் மண் பெயர்ந்தது.

"காவேரி, அந்தப் பக்கத்து மண்ண நீ எடு. ரெண்டும் ஒண்ணா வடியணும்னு அந்தம்மா சொல்லிச்சு."

தன் பெயர் அந்த வாயிலிருந்து வந்ததும் காவேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல் தன் மண்வெட்டியை எடுத்துவந்து வெட்டத் தொடங்கினாள்.

"அந்தம்மாவோடது செம்மண்ணு கலந்த மண்ணு," என்றார் தசரதன், குனிந்தபடியே. "நம்முளுத விட சீக்கிரம் வடியும். நமக்கு ஒரு நாள் கூடுதலா ஆவும். அதையும் கேட்டுகினேன். எல்லப்பா, அந்த யூரியா மூட்டையத் திருப்பிக் கொண்டு போயி கடையில போட்டுடு. வெயிட்டா கீதுன்னு சாக்குச் சொல்லாத."

முனியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

மேல் கழனித் தண்ணீர் மடை வழியே கீழ்க் கழனிக்குள் பாய ஆரம்பித்தது. தசரதன் மண்வெட்டிக் காம்பில் கையை ஊன்றி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வேறு ஏதோ நினைத்தவர்போல மெதுவாகக் கேட்டார்.

"வசந்தன் உன்கிட்ட எதுனா சொன்னானா?"

"இன்னாத்த மாமா?"

"திரும்பி வரசொல்ல வல்லக்கோட்டை டீக்கடைல ரவ நின்னேன். கம்பெனிங்களுக்கு எடம் புடிச்சுக் குடுக்கிற புரோக்கரு ஒருத்தன் அங்க ஒக்காந்துகினு இருந்தான். நான் இன்னாருன்னு அவனுக்குத் தெரியாது. நம்ம ஊரு ஏரிக்குக் கீழ ஒரு மேல் கழனிய வெலை பேசி முடிச்சாச்சுன்னு பக்கத்துல கீறவன்கிட்ட சொன்னான். அறுப்பு ஆனதும் கையெழுத்தாம். எடத்துக்காரன் பேரு வசந்தகுமாருன்னான்."

காவேரியின் மண்வெட்டி மண்ணில் இறங்கி அங்கேயே நின்றது.

முனியம்மாள் "ஐயோ" என்றாள். எல்லப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

காலையில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு தலை நிமிராமல் இருந்த புருஷனின் பிடரிதான் காவேரியின் கண்முன் வந்தது. எத்தனை நாளாக அவன் தலை நிமிராமல் பேசுகிறான் என்று இப்போது யோசித்துப் பார்த்தாள். நாற்று விடும்போதே பேசியிருப்பானா? களை எடுக்கும்போதா? தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா அவனுக்கு?

ரோட்டில் கம்பெனி வண்டி வந்து நின்றது. ஓவர்டைம் முடித்து இறங்கிய வசந்தகுமார் நாலு எட்டு நடந்தான். கழனிப் பக்கம் பார்த்தான். நடு வரப்பில் அண்ணனும் தன் மனைவியும் எதிரெதிரே மண்வெட்டியோடு நிற்பதைக் கண்டான். அங்கேயே நின்றுவிட்டான்.

தசரதனும் தம்பியைப் பார்த்தார். "கூப்புடட்டா?"

"வோணாம் மாமா. வரட்டும், அவராவே வரட்டும்." காவேரியின் குரல் நடுங்கவில்லை. "இந்தக் கழனிய யாருக்கு வுடறது, வுடக் கூடாதுன்றத இன்னிக்கு நான் பேசிக்கறேன். அதுக்கு மொதல்ல இதுல பயிரு உசுரோட இருக்கணும்."

மண்வெட்டியை உருவி ஓங்கினாள். மடையின் வாய் இன்னும் ஒரு முழம் அகன்றது.